பத்தியக் கறியும் ஒரு குழாய் இரத்தமும்



ஒஸ்லோவில் இருக்கும் உங்களுக்கு ஹம்மர்பெஸ்ட் என்றதும் குளிரும், இரண்டு மாத இருளும், தெருவில் உலாவும் துருவமான்களும்தான் நினைவுக்கு வரும். உங்களில் சிலருடைய பெற்றோர் 1980களிலும் 1990களிலும் இங்கேயும் பின்மார்க்கின் மற்றக் கரையோர ஊர்களிலும் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்து, பிறகு தெற்கே வந்து குடியேறியவர்கள். "அங்கே காற்றும் கடலும் எவ்வளவு சுத்தம்!" என்று அவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது உண்மைதான்.

ஆனால் 1990களில் இந்த ஊர் வைத்தியசாலையில் பிள்ளை பெற்ற தாய்மாரின் இரத்தமும் சிறுநீரும் எடுக்கப்பட்டு, அவற்றில் ஈயம், கட்மியம், நிக்கல் எவ்வளவு இருக்கின்றன என்று அளக்கப்பட்டது. சுத்தமான ஊர்த் தாய்மாரை ஏன் அளக்க வேண்டும்? அதனால் யாருக்கு என்ன பயன் கிடைத்தது? அந்தக் கணக்கில் நம்முடைய தமிழ்த் தாய்மார் எங்கே இருக்கிறார்கள்? தாதிகளாக வேலை செய்யும் நாங்கள் இந்தக் கேள்விகளை உங்களோடு பேச விரும்புகிறோம். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் வைப்போம்.

எல்லைக்கு இருபுறமும் ஆறு ஊர்கள்

பின்மார்க்கின் கிழக்கு முனையில் கிர்கெனெஸ் இருக்கிறது. அங்கிருந்து ரஷ்ய எல்லையைத் தாண்டினால் சற்றுத் தூரத்தில் நிக்கல் என்றே பெயர் கொண்ட ஊர் வரும். அங்கே நிக்கல் உருக்கும் பெரிய ஆலை ஒன்று 2020 டிசம்பர் வரை இயங்கியது. அதன் புகை காடுகளைக் கருக்கியது. 1990ஆம் ஆண்டு அந்தப் புகையை நிறுத்தச் சொல்லிக் கிழக்குப் பின்மார்க் மக்கள் பெரிய இயக்கமே நடத்தினார்கள். மரம் இப்படிக் கருகுமானால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதே தாய்மாரின் பயம்.

அந்தப் பயத்துக்குப் பதில் தேடியவர்களில் ஒருவர் யூன் ஒய்விந்த் ஒட்லாண்ட் என்ற மகப்பேற்று வைத்தியர். அவரும் அவருடைய குழுவினரும் நோர்வேயில் கிர்கெனெஸ், ஹம்மர்பெஸ்ட், பேர்கன் ஆகிய மூன்று ஊர்களையும், ரஷ்யாவில் நிக்கல், மொன்செகோர்ஸ்க், ஆர்க்காங்கெல்ஸ்க் ஆகிய மூன்று ஊர்களையும் தெரிந்துகொண்டார்கள். ஒவ்வொரு பிரசவ விடுதியிலும் அடுத்தடுத்துப் பிள்ளை பெற்ற தாய்மாரில் ஊருக்கு 50 பேர் வரை சேர்க்கப்பட்டார்கள். தாயின் இரத்தம், தொப்புள்கொடி இரத்தம், தாய் சேய் இருவரின் சிறுநீர் எல்லாம் சேகரிக்கப்பட்டன. என்ன சாப்பிடுகிறீர்கள், புகைபிடிக்கிறீர்களா என்றும் கேட்கப்பட்டது. முடிவுகள் 1999ஆம் ஆண்டு வெளிவந்தன.

ரஷ்யத் தாய்மாரின் இரத்தத்தில் ஈயம் நோர்வேத் தாய்மாரை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. தாயின் ஈயம் தடையில்லாமல் பிள்ளையின் இரத்தத்துக்குள் போயிருந்தது. ஈயம் கூடியிருந்த தாய்மாரின் பிள்ளைகள் சற்று நிறை குறைந்து பிறந்திருந்தார்கள். கட்மியம் முக்கியமாகப் புகைபிடித்தவர்களிடம் கூடியிருந்தது. அதில் பெரும்பகுதியை நச்சுக்கொடி பிடித்து வைத்துக்கொண்டு பிள்ளையிடம் போகாமல் தடுத்திருந்தது.

நிக்கலில்தான் எல்லாரும் வியந்தார்கள். ரஷ்யத் தாய்மாரின் சிறுநீரில் நிக்கல் மிகக் கூடுதலாக இருந்தது. ஆனால் ஆலை இருக்கும் ஊரிலும் ஆலை இல்லாத ஆர்க்காங்கெல்ஸ்கிலும் நிலைமை ஒன்றுபோலவே இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த புகைக்கூண்டு மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது அளந்த பிறகுதான் தெரிந்தது. அளக்காமல் விட்டிருந்தால் எல்லாப் பழியையும் ஆலை மேல் போட்டுவிட்டு, சாப்பாட்டையும் தண்ணீரையும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கூடிய அளவு எது, குறைந்த அளவு எது என்று சொல்ல ஒப்பிடுவதற்கு ஓர் ஊர் வேண்டும். அந்த வேலையை ஹம்மர்பெஸ்ட் தாய்மார் செய்தார்கள்.

சூழலை அளப்பது, உடலை அளப்பது

காற்றையும் தண்ணீரையும் அளப்பது ஒன்று, மனிதரை அளப்பது இன்னொன்று. 2007ஆம் ஆண்டு எங்கள் ஊருக்கு எதிரே உள்ள மெல்கோயாத் தீவில் திரவ எரிவாயு ஆலை தொடங்கிய நாட்களில் பெரிய தீச்சுடர் எரிந்தது. அதன் கரி ஊருக்குள் வந்து யன்னல்களிலும் வாகனங்களிலும் படிந்தது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்ததை உங்கள் வீட்டிலும் பேசியிருப்பார்கள். அங்கே கிணறுகளைச் சோதித்த அறிக்கைகளை முன்வைத்து வழக்கு நடந்தது. 2019ஆம் ஆண்டு இலங்கை உயர் நீதிமன்றம் மின் நிலைய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சூழலில் என்ன கலந்திருக்கிறது என்று இப்படிப்பட்ட சோதனைகள் சொல்லும். அதில் எவ்வளவு என் உடலுக்குள் போனது என்பதை உடல்தான் சொல்ல வேண்டும்.

உடலின் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு காலத்தின் கணக்கை வைத்திருக்கிறது. பிளாஸ்ரிக்கை மென்மையாக்கும் தலேற்றுகள் சில மணி நேரத்தில் அல்லது ஒரு நாளில் சிறுநீரோடு போய்விடும். அதனால் சிறுநீர் நேற்றைய கதையைச் சொல்லும். இரத்தத்தில் உள்ள ஈயம் கடந்த சில வாரங்களைச் சொல்லும். எலும்பில் படிந்த ஈயமோ பல பத்து ஆண்டுகள் இருக்கும். தலைமயிர் மாதம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், மீனில் இருந்து வந்த பாதரசத்தை மாதம் மாதமாக அதில் வாசிக்கலாம். பீ.சீ.பி போன்ற கொழுப்பில் கரையும் இரசாயனங்கள் இரத்தத்திலும் தாய்ப்பாலிலும் பல ஆண்டுகளின் கணக்கைக் காட்டும்.

அளவுகள் மிகச் சிறியவை. 50 மீற்றர் நீச்சல் குளத்தில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்தால் எவ்வளவு இருக்குமோ, அதுதான் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆய்வுகூடங்கள் அதைவிடக் குறைந்த அளவையும் கண்டுபிடிக்கும். ஆகவே உங்கள் இரத்தத்தில் ஏதோ ஓர் இரசாயனம் இருக்கிறது என்று தெரிந்தால், உங்களுக்கு நோய் என்று அர்த்தமல்ல. இன்றைக்கு உலகில் எல்லாருடைய இரத்தத்திலும் ஏதாவது இருக்கும். பல நூறு பேரை ஒன்றாகப் பார்க்கும்போதுதான் கூடிய அளவுள்ளவர்களுக்கு என்ன வித்தியாசம் என்று தெரிகிறது.

கூப்பிடாமல் வடக்கே வந்தவை

1980களில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் எரிக் டெவாயி என்ற வைத்தியர் தாய்ப்பாலில் பீ.சீ.பி அளந்துகொண்டிருந்தார். ஒப்பிடுவதற்குச் சுத்தமான இடத்துப் பால் வேண்டும் என்று, தொழிற்சாலையே இல்லாத வட துருவப் பகுதியின் இனுவிட் தாய்மாரின் பாலையும் சோதித்தார். அது தெற்கத்தித் தாய்மாரின் பாலை விட ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதலாக இருந்தது.

காரணம் இதுதான். வெப்பமான நாடுகளில் ஆவியாகும் இந்த இரசாயனங்கள் காற்றோடும் கடல் நீரோட்டத்தோடும் வடக்கே வந்து குளிரில் படிகின்றன. சிறு உயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கடல்நாய்க்கும், திமிங்கிலத்துக்கும் போகப் போகக் கொழுப்பில் சேர்ந்து பெருகுகின்றன. அதை உண்ணும் தாயின் பாலில் வந்து முடிகின்றன. தூரத்து ஊர் ஒன்றில் மின்மாற்றிக்கு ஊற்றிய எண்ணெய், அதைக் கண்ணாலும் கண்டிராத ஒரு குழந்தையின் வாய்க்கு வருகிறது. என் அயலான் யார் என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

1991ஆம் ஆண்டு எட்டு ஆர்க்டிக் நாடுகள் சேர்ந்து துருவப் பகுதி முழுவதையும் அளக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கின. ஒட்லாண்டும் பிறகு அதில் பணியாற்றினார். அந்த அளவுகள் உலக மேசைக்குப் போயின. இந்த இரசாயனங்களைத் தடைசெய்யும் பேச்சுவார்த்தை 1999ஆம் ஆண்டு நைரோபியில் நடந்தபோது, இனுவிட் மக்களின் சார்பில் ஷீலா வாட் குளூட்டியே தாயும் பிள்ளையுமான ஒரு கற்சிற்பத்தைப் பரிசாகக் கொடுத்தார். பேச்சுவார்த்தை மேசையில் அது வைக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் முகவுரையில் ஆர்க்டிக் மக்களைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது.

பலன் கிடைத்ததா? அதையும் அளந்து பார்த்தார்கள். ட்ரொம்சோவில் 1979, 1986, 1994, 2001, 2007 ஆகிய ஆண்டுகளில் ஒரே ஆண்களிடம் எடுத்து உறைநிலையில் காத்து வைத்த இரத்தத்தைப் பிறகு சோதித்தபோது, பீ.சீ.பி படிப்படியாக இறங்கி வந்திருந்தது. நோர்வே 1980ஆம் ஆண்டிலேயே அதன் புதிய பாவனையைத் தடைசெய்திருந்தது. நோர்வேத் தாய்ப்பாலில் டையொக்சினும் பீ.சீ.பியும் 1980களில் இருந்ததை விடப் பாதிக்கும் கீழே வந்துவிட்டன.

அதே ட்ரொம்சோ இரத்தம் இன்னொன்றையும் காட்டியது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாமல் இருக்கப் பயன்படும் பீபாஸ் என்ற புளோரின் இரசாயனங்களில் ஒன்று 2001 வரை ஏறி, தயாரிப்பாளர்கள் கைவிட்ட பிறகு இறங்கியது. வேறு சில 2007 வரை ஏறிக்கொண்டே இருந்தன. பனிச்சறுக்குப் பலகைக்கு மெழுகு பூசுவதைத் தொழிலாகக் கொண்டவர்களின் இரத்தத்தில் இவை பொதுமக்களை விடப் பல மடங்கு இருந்ததை 2010ஆம் ஆண்டு வந்த நோர்வே ஆய்வு காட்டியது. சர்வதேசப் பனிச்சறுக்குச் சங்கம் 2023 முதல் போட்டிகளில் புளோரின் மெழுகைத் தடைசெய்துவிட்டது. வீட்டுக் களஞ்சியத்தில் பழைய மெழுகு கிடந்தால் எடுத்துப் பூசாதீர்கள். நச்சுக் கழிவாக மீள்சுழற்சி நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

பாரோ தீவுத் தாய்மாரும் நம் சுறாக் கறியும்

பாரோ தீவுகளில் 1986, 1987ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,022 பிள்ளைகளின் தொப்புள்கொடி இரத்தத்திலும் தாய்மாரின் தலைமயிரிலும் பாதரசம் அளக்கப்பட்டது. அங்கே திமிங்கில இறைச்சி பரம்பரை உணவு. பால் வைஹே, பிலிப் கிராண்ஜான் என்ற வைத்தியர்கள் அந்தப் பிள்ளைகளை ஏழு வயதில் திரும்பச் சோதித்தார்கள். வயிற்றில் இருந்தபோது கூடிய பாதரசம் பெற்ற பிள்ளைகள் மொழி, கவனம், நினைவாற்றல் ஆகியவற்றில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். 1998ஆம் ஆண்டு பெண்களுக்கு ஆலோசனை வழங்கப்பட்டது. தாய்மார் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய பாதரச அளவு வேகமாக இறங்கியது. பாட்டன் காலத்து உணவைப் பிள்ளைக்காக ஒதுக்கி வைப்பது இலகுவல்ல. என்றாலும் அளவைக் கண்ணால் பார்த்ததால் ஒதுக்கினார்கள்.

இப்போது நம் அடுக்களைக்கு வருவோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டும் என்று சரக்கு அரைத்துச் சுறாவும் திருக்கையும் போட்டுப் பத்தியக் கறி வைப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். தமிழ்க் கடைகளில் உறைய வைத்த சுறா வாங்கி அம்மாமாரும் அம்மம்மாமாரும் அன்போடு அதைச் செய்கிறார்கள். நோர்வேயின் உணவு அதிகாரசபையான மாத்தில்சூனெ கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சொல்வது: சுறா, திருக்கை, வாள்மீன், புதிய சூரை ஆகியவற்றைச் சாப்பிட வேண்டாம். இவை மற்ற மீன்களைத் தின்று நீண்ட காலம் வாழ்பவை. அதனால் பாதரசம் கூடியவை. மீன் எவ்வளவு பெரிதோ, பாதரசமும் அவ்வளவு கூடும்.

பத்தியத்தையே விட்டுவிடத் தேவையில்லை. மிளகும் சீரகமும் உள்ளியும் மஞ்சளும் அப்படியே இருக்கட்டும். சுறாவுக்குப் பதிலாக டொர்ஸ்க் போட்டு அதே கறியை வையுங்கள். மீன் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு நல்லது. கிழமையில் இரண்டு மூன்று தரம் மீன் சாப்பிடச் சொல்லித்தான் சுகாதாரத் துறையும் சொல்கிறது. ஈரலில் மட்டும் கவனம் வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பிள்ளைகளும் மீன் ஈரல் சாப்பிட வேண்டாம். கரையோரத் தீவுகளுக்கிடையே தாமே பிடித்த மீனின் ஈரலை யாருமே சாப்பிட வேண்டாம். போத்தலில் விற்கும் மீன் எண்ணெய் சுத்திகரிக்கப்பட்டது, அதற்குப் பயப்படத் தேவையில்லை. தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம். இத்தனை ஆண்டுகளாகப் பாலில் இரசாயனத்தை அளந்தவர்களே, தாய்ப்பாலின் நன்மை பெரிது என்று சொல்கிறார்கள்.

வாலிபருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகத்தை வெள்ளையாக்கும் கிறீம்களில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோல் வழியாக இரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். அப்படிப்பட்ட கிறீம்களைப் பூசிச் சிறுநீரக நோய்க்கு ஆளானவர்களைக் கேரளத்து மலப்புரம் மாவட்ட வைத்தியர்கள் 2023ஆம் ஆண்டு அடையாளம் கண்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத கிறீம், கலோமெல் என்று எழுதிய கிறீம், யாரோ தெரிந்தவர் கொண்டுவந்து கொடுத்த சிறு டப்பா, எதையும் பூசாதீர்கள். பூசியவருக்குச் சிறுநீர் நுரைத்துப் போனாலோ காலும் முகமும் வீங்கினாலோ, டப்பாவையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். கர்த்தர் தந்த நிறத்தில் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை.

நாம் எங்கே?

நோர்வேயில் 1999 முதல் 2008 வரை ஏறத்தாழ 95,000 தாய்மாரும் 75,000 தந்தையரும் 114,000 பிள்ளைகளும் மாபெரும் தாய், தந்தை, சேய் ஆய்வு ஒன்றில் சேர்ந்தார்கள். வட நோர்வேயில் 2007 முதல் 2009 வரை 515 கர்ப்பிணிகள் மீசா என்ற ஆய்வில் சேர்ந்தார்கள். அவர்களுடைய இரத்தம் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் எடுக்கப்பட்டது. இந்த நாட்டின் உணவு ஆலோசனைகளுக்கும் சட்டங்களுக்கும் இப்படிப்பட்ட ஆய்வுகள் அடித்தளம்.

அந்தப் பெரிய ஆய்வின் கேள்வித்தாள்கள் நோர்வே மொழியில் மட்டுமே இருந்தன. அதை வாசித்து நிரப்ப முடியாத தாய் சேர முடியவில்லை. காலையில் மீன் வெட்டி மாலையில் மொழி வகுப்புக்குப் போன நம் அம்மாமார் எத்தனை பேர் அதில் இருந்திருப்பார்கள்? நோர்வே வீட்டு உணவை மனதில் வைத்து எழுதிய கேள்வித்தாளில் சுறாப் பத்தியத்துக்கு எங்கே இடம்? கேட்கப்படாத கேள்விக்குப் பதில் கிடைக்காது. பதில் இல்லாத இடத்துக்கு ஆலோசனையும் நம் மொழியில் வராது.

வேதாகமத்தில் எண்ணாகமம் என்று ஒரு புத்தகமே உண்டு. அங்கே ஜனங்கள் கோத்திரம் கோத்திரமாகவும் வீடு வீடாகவும் எண்ணப்பட்டார்கள். எண்ணப்படுவது சிறிய காரியம் அல்ல.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். உங்களுக்கோ உங்கள் அக்காவுக்கோ அண்ணிக்கோ ஆய்வில் சேர அழைப்புக் கடிதம் வந்தால், அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிடாதீர்கள். வாசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் சுகாதார ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். சேர்வது உங்கள் விருப்பம். காரணம் சொல்லாமலே பாதியில் விலகலாம். அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது. இரத்தம் எடுத்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று பெரியவர்கள் பயந்தால், அப்படி எதுவும் இல்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு மொழி கடினம் என்றால், வைத்தியசாலையிலும் ஹெல்சஸ்தஷூன் என்று நாம் சொல்லும் தாய் சேய் நிலையத்திலும் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. பத்து வயதுத் தம்பியை இழுத்துக்கொண்டு போய் அம்மாவின் நோயைச் சொல்ல வைத்த காலம் போகட்டும்.

உங்களில் உயிரியலோ வேதியியலோ தாதியியலோ படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். அடுத்த கேள்வித்தாளை எழுதும் மேசையில் நீங்கள் இருந்தால், சுறாவையும் திருக்கையையும் முகக் கிறீமையும் அதில் சேர்ப்பீர்கள். அது வரைக்கும் நீங்கள் செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று உண்டு. உங்கள் குடும்பத்தில் யாராவது பிள்ளைக்காகக் காத்திருந்தால், இந்தக் கட்டுரையை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு அவரோடு சேர்ந்து டொர்ஸ்கில் ஒரு பத்தியக் கறி வைத்துப் பாருங்கள். எப்படி வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.